ப்ராஜெக்ட்டுக்கு எந்த மைக்ரோகண்ட்ரோலர்? கைடு 8051ங்கறார், ஃப்ரெண்ட் ராஸ்பெர்ரி பைங்கறாங்க

ஈரோடு பக்கத்துல இருந்து ஈசிஇ மூணாவது வருஷம் படிக்கிற ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. கடிதம் நீளம், சுருக்கமா சொல்லிடறேன். அவங்க அப்பாவுக்கு வீட்ல இருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி தோட்டம் இருக்கு, போர்வெல்லுல 5 எச்பி த்ரீ பேஸ் மோட்டார், கரண்ட் எப்ப வரும்னு காத்துட்டு இருந்து ராத்திரியில எழுந்து போய் போட்டுட்டு வர்றாராம். மண்ணு ஈரத்தைப் பார்த்து, மோட்டாரை ஃபோன்ல இருந்து போட்டு நிறுத்தற மாதிரி, தண்ணி இல்லாம ஓடினா தானே நிக்கற மாதிரி நாலு பேர் சேர்ந்து மினி ப்ராஜெக்ட் பண்ணப் போறாங்க. இதையெல்லாம் ஓட்டற குட்டி சிப், அதான் மைக்ரோகண்ட்ரோலர், எதுங்கறதுல தான் சண்டை. கைடு 8051 போதும்னு சொல்றாராம், டீம்ல ஒருத்தர் ராஸ்பெர்ரி பை வாங்கலாம்ங்கறார், யூட்யூப்ல எல்லாரும் ஈஎஸ்பி32 தான், சீனியர் கிட்ட ஒரு பழைய ஆர்டுயினோ உனோ சும்மா கிடக்குதாம். பட்ஜெட் நாலாயிரம். "எதை வாங்கறதுண்ணா, வைவாவுல ஏன் இதை எடுத்தீங்கன்னு கேட்டா என்ன சொல்றது?"

தங்கச்சி, உங்க கேள்வியில எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்தக் கடைசி வரிதான். எதை வாங்கறதுன்னு கேக்கறவங்க நிறைய பேர், ஏன்னு சொல்லத் தெரியணும்னு நினைக்கறவங்க கம்மி. அதனால நேரா பேரைச் சொல்லிட்டுப் போகாம, எப்படி அந்த முடிவுக்கு வர்றதுன்னு சேர்த்தே எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

முதல்ல போர்டு பேரையெல்லாம் தூக்கி ஓரமா வச்சிட்டு ஒரு பேப்பர் எடுங்க. தோட்டத்துல மோட்டார் ரூம்ல நின்னு பார்த்தா உங்க பெட்டிக்குள்ள என்னென்ன ஒயர் வரணும், என்னென்ன வெளியே போகணும்னு எழுதுங்க. நான் உங்க கடிதத்தை வச்சு எழுதிப் பார்த்தேன். மண் ஈரத்துக்கு ரெண்டு சென்சார், ரெண்டுமே அனலாக், அதாவது ஆன் ஆஃப்னு இல்லாம ஏறி இறங்கற வோல்டேஜ். மோட்டார் எவ்வளவு ஆம்பியர் இழுக்குதுன்னு பார்க்க ஒரு கிளாம்ப் சிடி (ஒயரைச் சுத்தி மாட்டி கரண்ட்டை அளக்கற சென்சார்), அதுவும் அனலாக். மூணு ஃபேஸும் வந்திருக்கான்னு தெரிய ஒரு டிஜிட்டல் இன்புட். ஸ்டார்ட்டுக்கு ஒரு ரிலே (சின்ன சிக்னல்ல இயங்கற சுவிட்ச்), ஸ்டாப்புக்கு ஒரு ரிலே. ஃபோனோட பேசறதுக்கு ஒரு மோடம், அதுக்கு சீரியல் போர்ட் ஒண்ணு. லேப்டாப்ல என்ன நடக்குதுன்னு பார்க்க இன்னொரு சீரியல். அவ்ளோதான், மூணு அனலாக், மூணு டிஜிட்டல், ரெண்டு சீரியல். இந்தக் கணக்கை எழுதின உடனே பாதி சண்டை தானா தீர்ந்துடும் பாருங்க.

கைடு சொன்ன 8051ஐ முதல்ல எடுத்துக்கலாம், ஏன்னா அவர் சொன்னதுல நியாயம் இருக்கு. 1980ல இன்டெல் கொண்டு வந்த சிப் குடும்பம் அது, உங்க சிலபஸ்ல இருக்கு, ரெஜிஸ்டர், டைமர், இன்டரப்ட்னு உள்ள என்ன நடக்குதுன்னு அதுல படிச்சவங்களுக்கு வேற எந்த சிப்பும் பயமா இருக்காது. ஆனா லேப்ல இருக்கிற ஏடி89எஸ்52வை எடுத்து நம்ம பேப்பரோட வச்சுப் பாருங்க. ஏடிசி, அதாவது அனலாக்கை நம்பரா மாத்தற பகுதி கிடையாது, அனலாக் மூணுக்கும் ஏடிசி0808 மாதிரி தனி ஐசி போட்டு எட்டு டேட்டா லைன், அட்ரஸ் லைன்னு இழுக்கணும். ரேம் 256 பைட். ஒரு எஸ்எம்எஸ் இங்கிலீஷ்ல 160 எழுத்து, அதாவது வர்ற மெசேஜை அப்படியே வாங்கி வச்சாலே 160 பைட் போயிடும், மிச்சம் 96ல தான் ஸ்டாக், மத்த வேரியபிள் எல்லாம் ஓடணும். முடியவே முடியாதுன்னு இல்ல, ஒவ்வொரு எழுத்தா வாங்கி வாங்கி அப்பவே பார்த்துத் தள்ளிவிட்டு எழுதறவங்க இருக்காங்க. ஆனா உங்களுக்கு இருக்கிற ஒரு செமஸ்டர்ல அந்த வேலையிலயே பாதி போயிடும், மோட்டார் பக்கமே வர மாட்டீங்க. கைடு கிட்ட "8051 பழசு சார்"னு மட்டும் போய் நிக்காதீங்க, அது மரியாதையும் இல்ல காரணமும் இல்ல. இந்த 160, 256 கணக்கைக் காட்டுங்க. கணக்குக் காட்டினா ஒத்துக்காத வாத்தியாரை நான் அதிகம் பார்த்ததில்ல.

ராஸ்பெர்ரி பை. இது மைக்ரோகண்ட்ரோலரே இல்ல, லினக்ஸ் ஓடற ஒரு குட்டி கம்ப்யூட்டர். கேமரா வச்சு இலை நோயைக் கண்டுபிடிக்கணும்னா அதைத்தான் எடுக்கச் சொல்வேன், உங்க வேலைக்கு வேண்டாம். அனலாக் இன்புட் அதுலயும் கிடையாது, அது போக தோட்டத்துல கரண்ட் சொல்லாம போகும் சொல்லாம வரும், எஸ்டி கார்டுல எழுதிட்டு இருக்கும்போது கரண்ட் போனா கார்டு கெட்டுப் போய் அப்புறம் ஸ்டார்ட்டே ஆகாம நிக்கும். அதுக்கு நடுவுல போய் ஒரு ஆள் கார்டை மாத்தணும்னா அப்பா ராத்திரி எழுந்து போறதே பரவாயில்ல. பட்ஜெட்டும் பாதிக்கு மேல அதுக்கே போயிடும். 2021ல அதே கம்பெனி விட்ட பைக்கோ வேற விஷயம், அது உண்மையான மைக்ரோகண்ட்ரோலர், 264 கேபி ரேம், விலை குறைவு, நல்ல சிப். பேர் ஒரே மாதிரி இருக்கிறதால டீம்ல குழப்பிக்கறாங்க, தெளிவுபடுத்திடுங்க.

உனோவுக்கு வருவோம். சும்மா கிடக்குதுங்கறது பெரிய ப்ளஸ்தான், அதுல இருக்கிற ஏடிமெகா328பி ரொம்ப உறுதியான சிப், 5 வோல்ட்ல ஓடறதால மோட்டார் ரூம் மாதிரி இரைச்சல் உள்ள இடத்துல 3.3 வோல்ட் சிப்பை விட கொஞ்சம் தாங்கும், 10 பிட் ஏடிசி நம்ம வேலைக்குத் தாராளம். இடிக்கறது ரெண்டு இடத்துல. ஹார்ட்வேர் சீரியல் ஒண்ணே ஒண்ணுதான், அதை லேப்டாப்புக்கு யூஎஸ்பி எடுத்துக்கும், மோடத்துக்கு சாஃப்ட்வேர் சீரியல் போடணும், அது 9600ல ஒழுங்கா ஓடும், ஆனா இப்ப வர்ற 4ஜி மோடம் நிறைய 115200ல தான் பேச ஆரம்பிக்கும், அந்த வேகத்துல சாஃப்ட்வேர் சீரியல் எழுத்தை முழுங்கும், நீங்க உங்க கோட்லதான் தப்புன்னு நாள்கணக்கா தேடிட்டு இருப்பீங்க. மோடத்தோட வேகத்தைக் குறைச்சு செட் பண்ணலாம்தான், ஆனா ரெண்டாவது இடைஞ்சல் அப்பவும் இருக்கு, ரேம் 2 கேபி. ஸ்ட்ரிங் ஸ்ட்ரிங்கா சேர்த்து எழுதற பழக்கம் இருந்தா ஓடிட்டே இருந்தது திடீர்னு தானா ரீசெட் ஆகும். சீனியரோட உனோவை வாங்கி வச்சுக்கோங்க, சென்சார் எல்லாம் தனித்தனியா டெஸ்ட் பண்ண அது போதும்.

அப்ப ஈஎஸ்பி32 தான். ஆனா யூட்யூப்ல சொல்ற காரணத்துக்காக இல்ல. அதுல வைஃபை இருக்குங்கறதுக்காகத்தான் எல்லாரும் எடுக்கறாங்க, உங்க தோட்டத்துல வைஃபையே கிடையாது! அப்பா ஃபோன்ல ஹாட்ஸ்பாட் போடணும்னா அவர் அங்க போய் நிக்கணும், அவர் போகாம இருக்கத்தானே இந்த ப்ராஜெக்ட். நான் அதை எடுக்கச் சொல்றது மூணு ஹார்ட்வேர் சீரியல் இருக்கிறதுக்காக, 520 கேபி ரேம் இருக்கிறதுக்காக, அதுவும் ஐநூறு ரூபாய் பக்கத்துல கிடைக்கிறதுக்காக. வைவாவுல இதையே சொல்லுங்க, "சார் எங்களுக்கு வைஃபை தேவைப்படல, சீரியல் போர்ட்டும் ரேமும் தேவைப்பட்டுச்சு"ன்னு. எடுத்த சிப்போட பெரிய விஷயத்தையே வேண்டாம்னு விட்டுட்டு வேற காரணத்துக்காக எடுத்தோம்னு சொல்ற பசங்களை எக்ஸாமினர் கண்டிப்பா நிமிர்ந்து பார்ப்பார்.

வாங்கும்போது வ்ரூம் மாடியூல் உள்ள டெவ்கிட் வாங்குங்க, வ்ரோவர் வேண்டாம், அதுல 16, 17 பின் ரெண்டும் உள்ள இருக்கிற கூடுதல் மெமரிக்குப் போயிடும், நமக்கு மோடத்துக்கு அந்த ரெண்டு பின் வேணும். சென்சார் மூணையும் 32, 33, 34ல போடுங்க. ஏன் அதுல தான்னா, இந்த சிப்புல ஏடிசி ரெண்டு செட், ரெண்டாவது செட்டை வைஃபை ஓடும்போது படிக்க முடியாது. இப்ப வைஃபை வேண்டாம்னாலும் நாளைக்கு மோட்டார் ரூம்லயே நின்னு ஃபோன்ல செட்டிங் மாத்தற மாதிரி ஒரு பேஜ் வைக்கலாம்னு ஆசை வரும், அப்ப எல்லாத்தையும் பிரிச்சு ஒயர் மாத்த வேண்டாம் பாருங்க. ரிலே ரெண்டும் 25, 26. ஃபேஸ் சிக்னல் 27. பன்னெண்டாம் பின்னுக்கு மட்டும் எதையும் கொண்டு போகாதீங்க, ஆன் ஆகும்போது அதுல ஹை இருந்தா ஃப்ளாஷ் மெமரிக்கு வேற வோல்டேஜ்னு நினைச்சுக்கிட்டு போர்டு ஸ்டார்ட்டே ஆகாது, போர்டு செத்துப் போச்சுன்னு புதுசு வாங்கினவங்க நிறைய பேர். 34ல இருந்து 39 வரைக்கும் இன்புட் மட்டும்தான், உள்ள புல்அப்பும் இல்ல, சுவிட்ச் போட்டா வெளியே ரெசிஸ்டர் வைக்கணும்.

இனி மோடம். நாலாயிரத்துல இதுக்குத்தான் பெரிய பங்கு ஒதுக்கணும். சிம்800எல் இருநூறு முந்நூறுக்குக் கிடைக்குதேன்னு எடுத்துடாதீங்க, அது 2ஜி மட்டும். ஜியோவுக்கு 2ஜியே கிடையாது, அந்த சிம்மைப் போட்டுட்டு நெட்வொர்க் கிடைக்கலைன்னு உக்காந்திருப்பீங்க. ஏர்டெல், பிஎஸ்என்எல் சிம்ல இன்னும் ஓடும், டெமோவுக்குப் போதும், ஆனா அப்பா வருஷக்கணக்குல வச்சு ஓட்டணும்னா ஏ7670சி மாதிரி 4ஜி மோடம் எடுங்க. எஸ்எம்எஸ், கால் ரெண்டும் வருமான்னு கேட்டு வாங்குங்க, டேட்டா மட்டும் வர்ற வகையும் உண்டு. வெறும் சிப்பா இல்லாம லெவல் கன்வெர்ட்டர் (ரெண்டு பக்கத்து சிக்னல் வோல்டேஜையும் பொருத்தற சர்க்யூட்) உள்ள போர்டா பாருங்க. வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை, எந்த சிம் போடப் போறீங்களோ அதை ஒரு ஃபோன்ல போட்டு மோட்டார் ரூமுக்குள்ள நின்னு ஒரு மெசேஜ் அனுப்பிப் பாருங்க. தகர ஷீட் ரூம்னா உள்ள சிக்னல் இறங்கிடும், ஆன்டெனாவை வெளியே கொண்டு வரணும், அதுக்கு ஒயர் நீளம் எவ்வளவுன்னு அப்பவே அளந்துடலாம்.

இப்ப நான் உங்களை ரொம்ப கவனமா படிக்கச் சொல்ற பகுதி, ஏன்னா ப்ராஜெக்ட் படுக்கறது பெரும்பாலும் சிப்புல இல்ல, பவர் சப்ளையில. மோடம் டவரோட பேசும்போது ஒரு நொடிக்கும் குறைஞ்ச நேரத்துக்கு 2 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும். லேப்டாப் யூஎஸ்பி அதைத் தராது. வோல்டேஜ் கீழ விழும், மோடம் ரீஸ்டார்ட் ஆகும், இல்லன்னா சீரியல் மானிட்டர்ல பிரவுன்அவுட்னு ஒரு வரி வந்து ஈஎஸ்பி32வும் சேர்ந்து ரீஸ்டார்ட் ஆகும். உடனே எல்லாரும் ப்ரோகிராம் கோட் எழுதினதை மாத்துவாங்க. கோட்ல ஒண்ணும் இருக்காது. எல்எம்2596 பக் கன்வெர்ட்டர் (வோல்டேஜைக் குறைச்சுத் தர்ற போர்டு) ஒண்ணை மோடத்துக்குன்னே தனியா வைங்க, மோடம் பின்னுக்குப் பக்கத்துலயே 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒண்ணு போடுங்க, கிரவுண்டு மட்டும் எல்லாத்துக்கும் பொதுவா இருக்கணும். ஜம்பர் ஒயர்ல இந்தக் கரண்ட்டை ஓட்டாதீங்க, கொஞ்சம் தடிமனான ஒயரை சால்டர் பண்ணிடுங்க.

இன்னொண்ணு யோசிச்சீங்களா, கரண்ட் போனா மெசேஜ் வரணும்னு எழுதியிருக்கீங்க. கரண்ட் போனா உங்க போர்டும்தானே அணைஞ்சுடும்? அப்ப யார் மெசேஜ் அனுப்பறது? அதனால 18650 செல் (ரீசார்ஜ் பண்ற பேட்டரி) ஒண்ணு, அதுக்கு சார்ஜிங் போர்டு ஒண்ணு கணக்குல சேர்த்துக்கோங்க. கரண்ட் வந்துடுச்சுன்னு சொல்றதுதான் அப்பாவுக்கு ரொம்பத் தேவைன்னா அதுக்கு செல் இல்லாமலே முடியும், போர்டு ஆன் ஆனதுமே ஒரு மெசேஜ் விட்டா போச்சு. அவர் கிட்டயே எது வேணும்னு கேளுங்க.

அடுத்து ரிலே, இதுல உயிர் சம்பந்தப்பட்டிருக்கு. கடையில நீலக் கலர்ல வர்ற ரிலே மாடியூல் எல்லாம் 250 வோல்ட் ஏசி வரைக்கும்தான். தோட்டத்து ஸ்டார்ட்டர்ல உள்ள காயில் நிறைய இடத்துல ரெண்டு ஃபேஸுக்கு நடுவுல, அதாவது 415 வோல்ட்ல ஓடற மாதிரி இருக்கும். அந்த நீல ரிலேயை அதுல நேரா போடக் கூடாது, உள்ள காண்டாக்ட் நடுவுல ஆர்க் ஆகி ஒட்டிக்கும், மோட்டார் நிக்காம ஓடிட்டே இருக்கும். நீல ரிலே ஒரு சின்ன கான்டாக்டரை, அதாவது பெரிய வோல்டேஜைத் தாங்கற சுவிட்சை இயக்கணும், அந்தக் கான்டாக்டரோட காண்டாக்ட்தான் ஸ்டார்ட்டர் பக்கம் போகணும். ஸ்டார்ட் பட்டனுக்குப் பேரலலா ஒரு நார்மலி ஓப்பன் (சும்மா இருக்கும்போது திறந்திருக்கிற) காண்டாக்ட், ஒரு செகண்ட் ஒட்டிட்டு விட்டா போதும், ஸ்டார்ட்டர் தன்னைத்தானே பிடிச்சுக்கும். ஸ்டாப் பட்டனோட சீரீஸ்ல ஒரு நார்மலி குளோஸ்டு (சும்மா இருக்கும்போது மூடியிருக்கிற) காண்டாக்ட். இப்படிப் போட்டா உங்க போர்டு புகைஞ்சே போனாலும் அப்பா எப்பவும் போல பச்சை பட்டனை அமுக்கிப் போட்டு சிவப்பை அமுக்கி நிறுத்தலாம். ஏற்கெனவே இருக்கிற ஓவர்லோடு ரிலே, சிங்கிள் ஃபேஸ் பிரிவெண்டர் எதையும் கழட்டவோ பைபாஸ் பண்ணவோ வேண்டாம், உங்க சாஃப்ட்வேர் அதுக்கு மேல ஒரு கூடுதல் காவல், அதுக்குப் பதில் இல்ல. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ள ஒயரை எலக்ட்ரீஷியன் மாட்டட்டும், மெயினை ஆஃப் பண்ணிட்டு, நீங்க பக்கத்துல நின்னு பாருங்க. நாலு பேர்ல யாரும் அதுக்குள்ள கை வைக்கக் கூடாது, இதை நான் கேட்டுக்கறேன்.

மூணு ஃபேஸ் வந்திருக்கான்னு பார்க்கவும் 415ஐ போர்டு பக்கம் கொண்டு வர வேண்டாம். ரெடிமேடா ஃபேஸ் ஃபெயிலியர் ரிலே கிடைக்கும், அதோட காண்டாக்ட்டை மட்டும் சுவிட்ச் மாதிரி எடுத்து 27க்குக் கொடுங்க. பழசு ஒண்ணு உள்ளூர் மோட்டார் வைண்டிங் கடையிலேயே கிடைக்கலாம், கேட்டுப் பாருங்க.

ஈஎஸ்பி32 பக்கத்துல இருந்து ரிலேயை ஓட்ட யூஎல்என்2003 ஐசி போடுங்க. நிறைய ரிலே மாடியூல் 5 வோல்ட்டை எதிர்பார்க்கும், ஈஎஸ்பி32 3.3 தான் தரும், சிலது சரியா ஆஃப் ஆகாம பாதியில தொங்கும். அந்த ஐசியில டயோடும் உள்ளேயே இருக்கு. ஆன் ஆகற நேரத்துல பின் எந்தப் பக்கமும் இல்லாம மிதக்கும், அப்ப ரிலே ஒரு துடி துடிச்சா மோட்டார் ஓடிடும், அதனால அந்த ரெண்டு லைன்லயும் கிரவுண்டுக்கு 10 கே ரெசிஸ்டர். கோட்ல ஒரு விதி எழுதிடுங்க, ரீசெட் ஆகி எழுந்தா மோட்டாரைத் தானா போடக் கூடாது, மெசேஜ் வந்தாத்தான் போடணும். கிணத்தடியில யாராவது கை வச்சிட்டு இருக்கலாம். வாட்ச்டாகும் (ப்ரோகிராம் சிக்கி நின்னா சிப்பைத் தானா ரீசெட் பண்ற டைமர்) ஆன் பண்ணிடுங்க, ஆனா ஒண்ணு, ஆர்டுயினோவுல ஈஎஸ்பி32 கோர் 3.0ல இருந்து அந்த ஃபங்ஷன் எழுதற விதம் மாறிடுச்சு, பழைய வீடியோ பார்த்து எழுதினா கம்பைலே ஆகாது.

தண்ணி இல்லாம ஓடறதைப் பிடிக்க கிளாம்ப் சிடி. 100 ஆம்பியர் வகைதான் எல்லாக் கடையிலும் முன்னாடி தொங்கும், உங்க 5 எச்பி மோட்டார் இழுக்கறது ஏழு எட்டு ஆம்பியர்தான், அதுல சிக்னல் ரொம்பச் சின்னதா வரும். 30 ஆம்பியருக்கு 1 வோல்ட் தர்ற வகையைக் கேளுங்க. ஒயரை அந்த ஓட்டைக்குள்ள ரெண்டு சுத்து விட்டா அளவும் ரெண்டு மடங்கா வரும், அதையும் எலக்ட்ரீஷியன் கிட்டயே சொல்லிச் செய்யச் சொல்லுங்க. வர்றது ஏசி சிக்னல், மைனஸ் பக்கமும் போகும், ரெண்டு 10 கே ரெசிஸ்டர் வச்சு 1.65 வோல்ட்டுக்குத் தூக்கி விட்டுட்டு படிக்கணும். ஈஎஸ்பி32 ஏடிசி அவ்வளவு துல்லியம் இல்லைன்னு எக்ஸாமினர் கேப்பார், உண்மைதான், ரெண்டு ஓரத்துலயும் வளையும். ஆனா நமக்கு எத்தனை ஆம்பியர்னு பாயிண்ட் வச்சு வேண்டாம், தண்ணி இறைக்கும்போது இருந்ததை விட நல்லா குறைஞ்சுதாங்கறதுதான் கேள்வி. அதுக்கு இது போதும். நிறைய தண்ணி இருக்கும்போது ஓட விட்டு ஒரு அளவு எடுத்து வச்சுக்கோங்க, எல்லை அதுல இருந்து முடிவு பண்ணலாம்.

மண் சென்சார்ல ரெண்டு கம்பி நீட்டிட்டு இருக்கிறது வேண்டாம், மண்ணுல கரண்ட் ஓடி கம்பி சீக்கிரமே அரிச்சுப் போயிடும். கெப்பாசிட்டிவ் வகை எடுங்க, மேல் பக்கம் ஐசி எல்லாம் திறந்தே இருக்கும், அதுக்கும் ஓரத்துக்கும் வார்னிஷ் இல்லன்னா நெயில் பாலிஷ் ரெண்டு கோட் அடிங்க. செம்மண்ணுல ஒரு அளவு காட்டும் கரிசல்ல வேற காட்டும், நெட்ல போட்டிருக்கிற நம்பரை எடுக்காம உங்க தோட்டத்து மண்ணையே ஒரு டப்பாவுல காய வச்சு ஒண்ணு, நல்லா நனைச்சு ஒண்ணுன்னு நீங்களே எடுத்துக்கோங்க. சென்சார் ஒயரை மோட்டார் கேபிளோட ஒட்டி இழுக்காதீங்க.

போர்டு வர்ற வரைக்கும் சும்மா இருக்க வேண்டாம், வோக்வி சிமுலேட்டர்ல ஈஎஸ்பி32 இருக்கு, மோடத்தை மட்டும் விட்டுட்டு மத்த லாஜிக் எல்லாம் அதுல எழுதிப் பார்த்துடலாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு யாராவது போனா ஈஎஸ்பி32 ரெண்டா வாங்கிட்டு வரச் சொல்லுங்க, ரிவ்யூக்கு முந்தின நாள் ராத்திரி ஒண்ணு போச்சுன்னா மாத்த இருக்கணும். டேட்டா போற யூஎஸ்பி கேபிளான்னும் பார்த்துக்கோங்க, சார்ஜ் மட்டும் ஆகற கேபிள்ல போர்ட்டே காட்டாது.

இப்ப எனக்கு உங்க கிட்ட இருந்து ஒரு விஷயம் வேணும். ஸ்டார்ட்டர்ல காயில் எத்தனை வோல்ட்னு ஒட்டியிருப்பாங்க, மூடிக்கு உள்பக்கமோ காயில் மேலயோ இருக்கும். எலக்ட்ரீஷியன் வரும்போது மெயினை ஆஃப் பண்ணச் சொல்லிட்டு அதை ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க, நடுவுல எந்தக் கான்டாக்டர் வாங்கணும்னு அதைப் பார்த்துட்டுத்தான் சொல்ல முடியும். அது வரைக்கும் ரிலே பக்கம் மட்டும் எதுவும் வாங்க வேண்டாம், மத்ததெல்லாம் ஆர்டர் போட்டுடலாம்.